கரு மூன்றாம் நாளில் நின்றுபோனால் யாருடைய மரபணுவைப் பார்ப்பது?

செயற்கைக் கருத்தரிப்பு ஆய்வகத்தில் கருவியலாளராக வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் சில வருடங்கள் பழ ஈக்களோடு ஆராய்ச்சி செய்தவள். ஈயிலிருந்து மனிதருக்கு வந்ததைப் பெரிய தாவல் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஈ ஆய்வகத்தில் கற்ற ஒரே ஒரு கேள்வியைத்தான் இங்கேயும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: முன்னால் இருக்கும் கரு யாருடைய மரபணுவை வைத்து ஓடிக்கொண்டிருக்கிறது? தன்னுடையதையா, தாயுடையதையா?

கருக்கள் வழியில் நிற்பது எங்களுக்கு அன்றாடம் நடப்பது. கருவுற்ற முட்டைகளில் ஐந்தாறு நாளில் பிளாஸ்டோசிஸ்ட் நிலைக்கு, அதாவது உள்ளே குழி விழுந்து கருப்பையில் பதியத் தயாராகும் நிலைக்கு, போய்ச் சேர்பவை ஏறக்குறைய பாதிதான். மீதி நிற்கும் விதத்தில் ஒழுங்கே இருக்காது. ஒன்று நான்கு செல்லில் நிற்கும், ஒன்று ஏழில், இன்னொன்று மொருலா வரைக்கும், செல்கள் ஒட்டித் திரண்ட பந்தாகும் வரைக்கும், போய்ச் சுருண்டுவிடும். பெரும்பாலான நேரம் குரோமோசோம் எண்ணிக்கைப் பிழைதான் காரணம். பெண்ணின் வயது ஏற ஏற அதுவும் ஏறும். ஒவ்வொரு கருவுக்கும் தனிப் பிழை, அதனால் ஒவ்வொன்றும் தனி இடத்தில் நிற்கிறது.

எப்போதாவது வேறு மாதிரியான ஒரு தட்டு வரும். மூன்றாம் நாள் காலையில் இன்குபேட்டரிலிருந்து எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால், எண்ணெய்க்கு அடியில் வரிசையாக இருக்கும் துளிகள் எல்லாவற்றிலும் ஒரே காட்சி. எல்லாம் நேற்றுப் பார்த்த அதே நான்கு, ஐந்து செல்கள். ஒரு செல் பெரிது, ஒரு செல் சிறிது, இடையில் துணுக்குகள். இன்று எட்டு செல் இருக்க வேண்டும். அதே இன்குபேட்டரில், அதே வளர்ப்பு ஊடகத்தில், பக்கத்துத் தட்டில் இன்னொரு தம்பதியின் கருக்கள் எட்டெட்டுச் செல்லாகத் திரண்டு நிற்கின்றன. ஆக, கோளாறு இன்குபேட்டரிலும் இல்லை, ஊடகத்திலும் இல்லை. அடுத்த சிகிச்சைச் சுழற்சியிலும் இதே பெண்ணின் கருக்கள் இதே இடத்தில் நின்றால், எனக்கு உடனே ஈக்கள் ஞாபகத்துக்கு வரும்.

ஈக்களில் நான் வேலை செய்தது தாய்வழி விளைவு மரபணுக்களில். முதல் மாதங்களில் எதுவுமே புரியவில்லை. ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதான பெண் ஈ. பார்க்க முழு ஆரோக்கியம்; கண், இறக்கை, நடை எதிலும் குறையில்லை. தன் சகோதரிகள் அளவுக்கே முட்டையும் இடுகிறாள். ஒரு முட்டைகூடப் பொரிக்காது. நல்ல ஆணோடு சேர்த்து வைத்தாலும் பொரிக்காது. அந்த ஆணிடமிருந்து ஒவ்வொரு கருவுக்கும் ஒரு நல்ல பிரதி கிடைத்திருக்கிறதே, அப்படியானால் கரு பிழைக்க வேண்டாமா? பாடப்புத்தகத்தில் படித்த மெண்டல் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. கரு பிழைக்கவில்லை.

இதற்கு நேர்மாறான காட்சியும் அதே ரேக்கில் இருந்தது. ஒரு பிரதி நல்லது, ஒரு பிரதி பழுது என்று இருக்கும் தாயை அதே மாதிரியான ஆணோடு சேர்த்தால், குஞ்சுகளில் கால்வாசிக்கு இரண்டு பிரதியும் பழுது. அவை எல்லாம் சுகமாகப் பொரித்து, புழுவாகி, ஈயாகி வளர்ந்தன. அவற்றில் ஆண்கள் எந்தச் சிக்கலும் இல்லாமல் அப்பாவானார்கள். பெண்கள் மட்டும் முட்டையிட வந்தபோது மாட்டிக்கொண்டார்கள்.

எங்கள் ஆய்வகத்தில் மூத்தவராக இருந்த அக்கா நான் எழுதிய லேபிளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “குஞ்சு என்ன ஜீனோடைப்னு எழுதி வச்சிருக்கே. அது இங்க யாருக்கு வேணும்? அம்மா என்னன்னு எழுது.” அதிலிருந்து என் குப்பிகளில் தாயின் மரபு வகை மேல் வரியில், பெரிய எழுத்தில். தந்தை கீழே. இந்தத் துறைக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயமும் இதுதான். ஒரு கரு விகாரம் கிடைத்தால் தாயையும் தந்தையையும் மாற்றிப்போட்டு இரண்டு பக்கமும் கலப்பு செய்து பாருங்கள். பழுதான பெண்ணை நல்ல ஆணோடு. நல்ல பெண்ணைப் பழுதான ஆணோடு. முதல் கலப்பில் மட்டும் கரு செத்தால், விஷயம் முட்டைக்குள் இருக்கிறது. சில வாரம் பிடிக்கும் வேலை, ஆனால் இது இல்லாமல் மேலே போவதில் பயனில்லை.

இன்னொரு நடைமுறை விஷயம். பொரிக்காத முட்டையைக் கண்டதும் கருவுறவில்லை என்று எழுதிவிடக் கூடாது. ஈ முட்டைகளை ஒரு நாளுக்கு மேல் விட்டுப் பார்த்தால் சில பழுப்பாகும், சில வெள்ளையாகவே இருக்கும். பழுப்பு என்றால் கரு ஓரளவு வளர்ந்து பிறகு செத்தது. வெள்ளை என்றால் இரண்டு அர்த்தம்: விந்தணு சேரவே இல்லை, அல்லது சேர்ந்து வெகு சீக்கிரம் நின்றுபோனது. இந்த இரண்டையும் வெறும் கண்ணால் பிரிக்க முடியாது. பிளீச்சில் மேல் ஓட்டைக் கரைத்து, நிலைப்படுத்தி, டி.என்.ஏ. சாயம் ஏற்றிப் பார்த்தால்தான் உள்ளே எத்தனை உட்கருக்கள் என்று தெரியும். இதே குழப்பம் மனித முட்டையிலும் அப்படியே வருகிறது, பின்னால் சொல்கிறேன்.

தாயின் மரபணு கருவை ஆட்டிவைக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. குளத்து நத்தைகளின் ஓடு சிலவற்றில் வலஞ்சுழி, சிலவற்றில் இடஞ்சுழி. அந்தச் சுழி எப்படிப் பரம்பரையாக வருகிறது என்று 1923-இல் பாய்காட்டும் டைவரும் கலப்புச் சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். கணக்கு மெண்டலோடு பொருந்தாதது போல இருந்தது. அதே ஆண்டு ஈ மரபியலாளர் ஸ்டர்ட்டிவன்ட் விளக்கம் சொன்னார்: குஞ்சின் சுழியைத் தீர்மானிப்பது குஞ்சின் மரபணு அல்ல, தாயின் மரபணு; ஆகவே விளைவு ஒரு தலைமுறை தாமதமாகத் தெரிகிறது. இடஞ்சுழித் தாய்க்கு வலஞ்சுழிக் குஞ்சுகள் பிறக்கலாம், அவற்றின் குஞ்சுகள் வேறு மாதிரி ஆகலாம். அந்த மரபணுவை அடையாளம் கண்டு, கத்தரித்து நிரூபிக்க இந்த நூற்றாண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஈயில் இதை அடிமுதல் நுனிவரை அலசியவர் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட். எரிக் வீஷவுசுடன் சேர்ந்து 1980-இல் அவர் வெளியிட்டது கருவின் சொந்த மரபணுக்களைப் பற்றி. பிறகு தாய்வழி மரபணுக்களைத் தேடினார். 1995-இல் இருவருக்கும், எட்வர்ட் லூயிஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் தேடலில் அகப்பட்டவற்றில் பிரபலமானது பைகாய்ட். தாய் ஈ அந்த மரபணுவின் எம்.ஆர்.என்.ஏ.வை, அதாவது புரதம் செய்வதற்கான செய்தி நகலை, முட்டையின் முன் முனையில் கொண்டுபோய் நிறுத்திவைக்கிறாள். முட்டை இடப்பட்டதும் அதிலிருந்து புரதம் உருவாகிப் பின்பக்கம் நோக்கிப் பரவுகிறது. செறிவு அதிகமுள்ள இடம் தலை, அடுத்து மார்பு என்று கரு அதைப் படித்துத் திசை தெரிந்துகொள்கிறது. 1988-இல் இந்தச் செறிவுச் சரிவை நேரடியாகக் காட்டினார்கள்.

பைகாய்ட் இல்லாத தாயின் கருவை நானே முதன்முதலில் ஸ்லைடில் வைத்துப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. இருண்ட பின்னணியில் வயிற்றுப் பக்கப் பற்பட்டைகள், அதாவது நுண்ணிய முள் வரிசைகள், வெள்ளை வெள்ளையாக மின்னின. பின் முனையில் வழக்கமான வால் உறுப்புகள். ஸ்லைடை நகர்த்தித் தலைப்பக்கம் போனால் அங்கேயும் வால். தலையும் இல்லை, மார்பும் இல்லை. இந்தக் கருவின் அப்பா நல்ல ஈ. கருவின் செல்களில் பைகாய்டின் நல்ல பிரதி ஒன்று இருக்கிறது. ஆனால் அது வேலை செய்ய வேண்டிய நேரம் கரு உருவாவதற்கு முன்பே, தாயின் சூலகத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது.

நேரம் என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. ஈ முட்டை இடப்பட்டதும் முதல் பதின்மூன்று உட்கருப் பிளவுகள் இடையில் செல் சவ்வுகூட இல்லாமல் ஓடும். ஆரம்பத்தில் ஒரு பிளவுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. அந்த வேகத்தில் சொந்த மரபணுவைத் திறந்து, படியெடுத்து, புரதம் செய்ய அவகாசமே கிடையாது. எல்லாம் தாய் கட்டிக்கொடுத்த மூட்டையிலிருந்துதான். ஈயில் அந்த மூட்டையைக் கட்ட பதினைந்து செவிலிச் செல்கள் இருக்கின்றன. முட்டைச் செல்லோடு கால்வாய்களால் இணைந்து, கடைசியில் தங்கள் உள்ளடக்கம் முழுவதையும் அதற்குள் கொட்டிவிட்டுச் செத்துப்போகின்றன.

மனித முட்டை நிதானமானது. ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைச் செல்கள் குரோமோசோம்களைப் பாதியாக்கும் குன்றல் பிரிவைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவைத்துக்கொள்கின்றன. பல ஆண்டுகள் கழித்துச் சில முட்டைகள் வளரத் தொடங்கும். அந்த வளர்ச்சிக் காலத்தில்தான் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் எம்.ஆர்.என்.ஏ. படியெடுக்கப்பட்டுச் சேமிக்கப்படுகிறது, புரதங்கள், மைட்டோகாண்ட்ரியாக்கள் சேர்கின்றன. முழு அளவை எட்டியதும், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், படியெடுப்பு அடங்கிவிடுகிறது. அதன் பிறகு முட்டை முதிர்வது, கருவுறுவது, இரண்டு செல் ஆவது, நான்கு செல் ஆவது எல்லாம் சேமிப்பில்தான் நடக்கிறது. கருவின் சொந்த மரபணுத் தொகுதி முழு அளவில் விழிப்பது நான்கு முதல் எட்டு செல் கட்டத்தில். இதை 1988-இல் பிராட், போல்ட்டன், மூர் ஆகியோர் மனிதக் கருக்களில் காட்டினார்கள். எலியில் அது இரண்டு செல்லிலேயே நடந்துவிடும்.

அதனால்தான் மூன்றாம் நாள் எங்களுக்கு அவ்வளவு முக்கியம். ஒப்படைப்பு நடக்கும் நாள் அது. தாய் வைத்த செய்திகள் அழிய வேண்டும், கருவின் செய்திகள் எழும்ப வேண்டும். பழையது போதாமல் இருந்தாலும் கரு நிற்கும். பழையது அழியாமல் இருந்தாலும் நிற்கும். பி.டி.ஜி.4 என்ற மரபணு அந்தப் பழைய செய்திகளைக் கழிப்பதற்கு உதவுகிறது. அது இரு பிரதியும் பழுதான பெண்களின் முட்டைகள் கருவுறுகின்றன, ஆனால் முதல் பிளவுகூட நடப்பதில்லை என்று 2020-இல் தெரிந்தது.

ஒரு பிரதி மட்டும் பழுதான தாயின் முட்டைகள் ஏன் தப்பிக்கின்றன என்று மாணவர்கள் கேட்பார்கள். முட்டையில் கடைசியாகத் தங்குவது ஒரே ஒரு பிரதிதானே, அது பழுதான பிரதியாக அமைந்துவிட்டால்? சேமிப்பு நடந்த காலத்தில் முட்டைச் செல்லுக்குள் இரண்டு பிரதிகளும் இருந்தன. பாதி குரோமோசோம்களை எடுத்துக்கொண்டு துருவச் செல் என்ற சின்னச் செல் முட்டையிலிருந்து வெளியேறுவது அதற்கு அப்புறம். நல்ல பிரதி தன் வேலையை முடித்துவிட்டுப் போகிறது.

இனி மனிதர்கள் பக்கம். 2000-ஆம் ஆண்டு எலியில் மேட்டர் என்ற மரபணு கண்டறியப்பட்டது. அது இல்லாத பெண் எலிகளின் கருக்கள் இரண்டு செல்லில் நின்றன. மனிதரில் அதே மரபணுவுக்கு என்.எல்.ஆர்.பி.5 என்று பெயர். டி.எல்.இ.6, கே.எச்.டி.சி.3.எல். போன்றவற்றின் புரதங்களோடு சேர்ந்து முட்டையின் விளிம்பை ஒட்டி ஒரு பெரிய கூட்டமைப்பாக அமர்ந்திருக்கிறது இதன் புரதம். 2015-இலிருந்து இந்த வகை மரபணுக்களின் பழுதுகள் கரு நின்றுபோகும் பெண்களில் வரிசையாகக் கண்டறியப்பட்டன: டி.எல்.இ.6, பி.ஏ.டி.ஐ.6, என்.எல்.ஆர்.பி.2 என்று பட்டியல் வளர்ந்துகொண்டே போகிறது. முட்டை முதிராமலேயே நிற்பதற்கு டி.யு.பி.பி.8, 2016-இல் ஆராய்ந்த 24 குடும்பங்களில் 7-இல் அது காரணமாக இருந்தது. இந்த மரபணு மனிதர், குரங்கு இனங்களில் மட்டுமே உண்டு, எலியைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. முட்டை முதிர்ந்து, விந்தணுவை உள்ளே செலுத்தியும் கருவுறாமல் இருப்பதற்கு வீ-2 என்ற மரபணு. அது 2018-இல் தெரிந்தது.

இதனால்தான் எங்கே நிற்கிறது என்பதைத் துல்லியமாக எழுதிவைக்க வேண்டும் என்று நான் தொண்டை வற்றக் கத்துகிறேன். “எக் குவாலிட்டி சரியில்லை” என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்கு ஆகவே ஆகாது. முதிராத முட்டை ஒரு கதை, முதிர்ந்தும் கருவுறாத முட்டை வேறு கதை, கருவுற்றுப் பிளக்காதது மூன்றாவது, நான்கு செல்லில் நிற்பது நான்காவது. சிகிச்சை எடுப்பவர்கள் ஒவ்வொரு சுழற்சி முடிந்ததும் ஆய்வகப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை முட்டை எடுத்தார்கள் என்ற எண் மட்டும் போதாது. அவற்றில் எத்தனை முதிர்ந்தவை, மறுநாள் காலையில் எத்தனையில் இரண்டு முன்கருக்கள் (முட்டையிலிருந்து ஒன்று, விந்தணுவிலிருந்து ஒன்று என வரும் உட்கருக்கள்) தெரிந்தன, இரண்டாம் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் ஒவ்வொன்றிலும் எத்தனை செல் என்று தனித்தனியாக வேண்டும். முன்கருக்களைப் பார்க்கும் நேரம் விந்தணு சேர்த்த பிறகு 16 முதல் 18 மணி நேரம். அந்த நேரத்தில் பார்க்காமல் விட்டுவிட்டு, பிளக்காத முட்டையைக் ‘கருவுறவில்லை’ என்று எழுதினால், ஈ ஆய்வகத்தின் வெள்ளை முட்டைக் குழப்பம்தான் மிஞ்சும்.

அதே சமயம் அவசரப்பட்டு மரபணுவுக்கு ஓடவும் வேண்டாம். ஒரு சுழற்சியில் எல்லாம் நின்றுபோனது என்றால் ஊசி போட்ட நேரம், ஹார்மோன் தூண்டல் முறை, அன்றைய ஆய்வகச் சூழல் என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். விந்தணுவையும் மறக்கக் கூடாது. முட்டையை விழிக்கவைக்கும் பி.எல்.சி. ஜீட்டா என்ற புரதம் விந்தணு கொண்டுவருவது. மனிதரில் செல் பிளவுக்கு வேண்டிய சென்ட்ரியோலும் தந்தை பக்கத்திலிருந்தே வருகிறது. விந்தணு பக்கம் குறை என்றால் கால்சியம் அயனோஃபோர் என்ற வேதிப்பொருளைக் கொண்டு முட்டையைச் செயற்கையாக விழிக்கச் செய்வது பலன் தரலாம். வீ-2 பழுதில் அது எடுபடுவதில்லை. பெண்ணுக்கு இளம் வயது, முட்டைகள் தாராளமாக வருகின்றன, மற்றவர்களின் கருக்கள் அதே நாளில் நன்றாக வளர்கின்றன, சுழற்சிக்குச் சுழற்சி ஒரே படியில் எல்லாம் நிற்கிறது: இவை சேர்ந்து வரும்போதுதான் நான் மருத்துவரிடம் மரபணுச் சோதனையைப் பற்றிப் பேச்செடுப்பேன்.

ஒரு தம்பதியோடு மருத்துவர் அறையில் உட்கார்ந்து பேசியதைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர்தான் முதலில் கேட்டார்: “மேடம், டோனர் விந்தணு வச்சு ஒருதடவை பார்த்துடலாமா?” அவருடைய பரிசோதனைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தார், நல்ல மனிதர். நிற்கும் கட்டத்தில் கரு தன் அப்பாவின் மரபணுவை இன்னும் முழு அளவில் படிக்க ஆரம்பிக்கவில்லை என்று விளக்கினேன். விந்தணுவை மாற்றினால் பணமும் காலமும்தான் போகும்.

மனைவி மெதுவாகக் கேட்டார்: “எனக்கு எந்த நோயும் இல்லையே மேடம். பீரியட்ஸ் கரெக்டா வருது. எங்க அம்மாவுக்கு நாலு பிள்ளைங்க. அண்ணனுக்கு ரெண்டு. எங்க குடும்பத்துல யாருக்குமே இப்படி இல்லை. அப்புறம் எப்படி பரம்பரைங்கறீங்க?”

இதைவிடச் சரியான கேள்வி இருக்க முடியாது. நான் காகிதத்தில் அவருடைய குடும்பத்தை வரைந்தேன். அம்மாவிடம் ஒரு பிரதி பழுது, ஒன்று நல்லது. அதனால் அம்மாவின் முட்டைகள் நன்றாக இருந்தன, நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். அப்பாவிடமும் ஒரு பழுது. அவருக்கு முட்டையே இல்லை, அதனால் அவரிடம் அது எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. அண்ணனிடம் இரண்டு பிரதியும் பழுதாகவே இருக்கலாம். அவர் இரண்டு குழந்தைகளுக்கு அப்பாவாக இருப்பதற்கு அதனால் ஒரு தடையும் இல்லை. இந்த மரபணுக்கள் முக்கியமாக முட்டையில்தான் வேலை செய்கின்றன, ஆகவே உடம்பில் வேறெங்கும் அடையாளம் வைப்பதில்லை. மாதவிடாய், ஹார்மோன், ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கும். குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பது இந்த வகைப் பழுதுக்கு எதிரான சாட்சியே அல்ல.

“நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?” என்று கேட்பது மருத்துவமனைகளில் வாடிக்கை. இங்கே அந்தக் கேள்வி ஒரு தலைமுறை கீழே விழுகிறது. கேட்க வேண்டியது, பெண்ணுடைய அம்மாவும் அப்பாவும் சொந்தமா என்பது. அவளிடம் இரண்டு பழுதான பிரதிகள் சேர்ந்தது அவர்களிடமிருந்துதான். அவள் கணவன் சொந்தமா அந்நியமா என்பதால் அவளுடைய முட்டைக்குள் இருப்பது மாறாது. நத்தைக் கணக்கு மாதிரியே, ஒரு தலைமுறை தள்ளிப் பார்க்க வேண்டும். டி.யு.பி.பி.8 இதற்கு ஒரு விலக்கு: அதில் பல பழுதுகள் ஒற்றைப் பிரதியிலேயே வேலையைக் காட்டிவிடும், தந்தையிடமிருந்து ஓசையில்லாமல் வரும், அல்லது புதிதாகவே தோன்றும்.

சோதனை விஷயத்திலும் இதே தடுமாற்றம். கருவிலிருந்து சில செல்களை எடுத்துக் குரோமோசோம் பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். அது கருவின் மரபணுத் தொகுதியைப் பார்க்கும் சோதனை. தாய்வழிப் பழுதில் கருவின் குரோமோசோம்கள் சுத்தமாகவே இருக்கலாம். அறிக்கை நன்றாக இருக்கிறதே என்று நிம்மதிப்பட்டு இன்னொரு சுழற்சிக்குப் போவார்கள். ஐந்தாம் நாள்வரை வராத கருவில் அந்தச் சோதனையை வழக்கமாகச் செய்வதும் இல்லை. பார்க்க வேண்டியது பெண்ணின் ரத்தம். புரதக் குறியீட்டுப் பகுதிகள் முழுவதையும் வாசிக்கும் எக்ஸோம் சோதனையாகச் செய்தால் பட்டியல் வளர்ந்தாலும் பிறகு திரும்பப் பார்க்கலாம். அதற்காகவே மூலத் தரவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இரண்டு மூன்று ஆண்டு கழித்து, அன்று அர்த்தம் தெரியாமல் இருந்த ஒரு மாற்றத்துக்கு அர்த்தம் கிடைக்கலாம். ‘ஒன்றும் இல்லை’ என்று அறிக்கை வந்தால், இன்று தெரிந்த மரபணுக்களில் ஒன்றும் இல்லை என்று படிக்க வேண்டும். ‘முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்’ என்று வந்தால் அதை வைத்து முடிவெடுக்காமல் மரபியல் ஆலோசகரிடம் போக வேண்டும். இணையத்தில் தேடிப் பயந்துகொள்வதால் ஒன்றும் தெளியாது.

திரும்பத் திரும்ப முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (குழந்தை உருவாகாமல் நஞ்சுத் திசு திராட்சைக் குலை போல வளரும் கர்ப்பம்) வருபவர்களுக்கு என்.எல்.ஆர்.பி.7, கே.எச்.டி.சி.3.எல். இரண்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே கரு நிற்பதில்லை, தவறான வழியில் வளர்கிறது. எந்த மரபணு திறக்க வேண்டும், எது மூட வேண்டும் என்று தாய் முட்டையில் பதித்திருக்க வேண்டிய வேதி முத்திரைகள் விடுபட்டுப்போனதால் வரும் கோளாறு. ஒரு தடவை முத்துப்பிள்ளை வந்தவர்கள் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை, பெரும்பாலும் அது தற்செயல்.

அந்தப் பெண்ணுக்கு அறிக்கையில் இரு பிரதியிலும் பழுது உறுதியானது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டது, இத்தனை நாள் சாப்பிட்ட மாத்திரைகளைப் பற்றி. முட்டையின் தரம் கூடும் என்று வெவ்வேறு இடங்களில் எழுதிக்கொடுத்த சப்ளிமென்ட்கள் ஒரு பை நிறைய இருந்தன. படியெடுக்கப்பட வேண்டிய செய்தியே பிழையாக இருக்கும்போது எந்த மாத்திரையும் அதைத் திருத்தாது. மருத்துவமனை மாற்றுவதும் திருத்தாது. வீ-2 பழுதுள்ள முட்டைகளுக்குள் சரியான செய்தி நகலைச் செலுத்திக் கருவை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள், ஆனால் அது ஆராய்ச்சியோடு நிற்கிறது. சிகிச்சையாக யாராவது விற்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கசப்பாக இருந்தாலும் இதைத் தெரிந்துகொள்வதால் ஒரு பயன் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டுக்கொள்ளும் சுற்று நிற்கிறது. தான் ஓய்வெடுக்காததால், வேலைக்குப் போனதால், கவலைப்பட்டதால் கரு நின்றது என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருந்தாள், அது போகிறது. எதிரில் இருக்கும் வழிகளும் தெளிவாகின்றன. பழுது முட்டையின் சேமிப்பில் இருப்பதால், தான முட்டை எடுத்தால் அந்தப் பெண்ணின் கருப்பை எந்தக் குறையும் இல்லாமல் குழந்தையைச் சுமக்கும். முத்துப்பிள்ளை திரும்பத் திரும்ப வந்த பெண்களுக்குக்கூட தான முட்டையால் நல்ல குழந்தைகள் பிறந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. தத்தெடுப்பு இன்னொரு வழி. எது வேண்டும் என்பதை அவர்கள் இருவரும்தான் முடிவு செய்ய வேண்டும்; அந்த நேரத்தில் அறையில் உறவுக்காரர்கள் இல்லாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

அவர்கள் யோசித்துவிட்டு வந்து, “தங்கச்சி முட்டை குடுக்கறேங்கறா, சரியா வருமா?” என்று கேட்டார்கள். உறவினரின் முட்டையை ஏற்கலாமா என்பதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு சட்டம். அதை முதலில் விசாரிக்க வேண்டும். சட்டம் இடம் கொடுத்தாலும், தங்கைக்கும் அதே இரண்டு பழுதான பிரதிகள் கிடைத்திருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதனால் ஊசி ஆரம்பிப்பதற்கு முன்பே தங்கையின் ரத்தத்தில் அந்த ஒரு இடத்தை மட்டும் சோதிக்கச் சொன்னேன். முழு எக்ஸோமும் வேண்டாம், எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று அக்காவின் அறிக்கையிலேயே இருக்கிறது. ஒரு பிரதி பழுது என்று வந்தால் பரவாயில்லை, முட்டைகள் வேலை செய்யும். இரண்டும் பழுது என்றால் அவளுக்கே இந்தச் செய்தி தேவைப்படும், கல்யாணம் ஆகி ஆண்டுகள் ஓடிய பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது மேல். ஆனால் அதைத் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பது தங்கையின் முடிவு, அக்காவினுடையது அல்ல. ஆகவே அவரைத் தனியாக வரச் சொல்லி, தனியாகவே ஆலோசகரிடம் அனுப்பினோம்.